ஆறாம் வகுப்பின் நிகர எடை

“என் மேடையில ஏறின எதுவும் இதுவரைக்கும் என்கிட்ட பொய் சொன்னதில்ல. நான் அடிச்ச சீட்டும் யார்கிட்டயும் பொய் சொன்னதில்ல. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் சொல்லாது. வேணும்னா கல்லுல வெட்டி வெச்சுக்கோ!”

இந்தப் பிரகடனம் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை ஒன்றில், ஒரு கால் குட்டையான பெஞ்சில் உட்கார்ந்து வெளியிடப்பட்டது. சாட்சிகள் இரண்டு லாரி டிரைவர்களும் ஒரு பஞ்சர் கடைக்காரரும். கல்லில் வெட்ட யாரும் முன்வரவில்லை. பஞ்சர் கடைக்காரர் மட்டும், “கல்லையும் உங்க மேடையில எடைபோட்டுட்டுத்தானே வெட்டணும்?” என்று சந்தேகம் கேட்டார். “ஆமா, பின்னே?” என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் சிரிக்கவில்லை. அவர் அந்த விஷயத்தில் சிரிப்பவர் அல்லர்.

அவர் ஒரு எடைமேடைக்காரர். சரக்கோடு லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடைபோடும் இரும்பு மேடை. பக்கத்தில் ஒரு சின்ன அறை. அறைக்குள் ஒரு மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு மைக், அவர். இந்த நான்கில் மின்சாரம் போனாலும் ஓடக்கூடியது தான் ஒருவன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தராசு’. முகத்துக்கு நேரே ‘தராசு அண்ணா’. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்களைக் காகிதம் தாங்காது.

பத்தொன்பது வருஷத் தொழில் வாழ்க்கையில் மகத்தான சம்பவம் என்று எதுவும் நடக்கவில்லை. ஆகவே சிலவற்றை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய இரும்பு ஏற்றிவந்த ஒரு டிரைவர், எடையைக் கூட்டிக் காட்டுவதற்காகத் தன் இருக்கைக்கு அடியில் எட்டுத் தண்ணீர் கேன்களை ஒளித்துவைத்திருந்தார். தராசு ஜன்னல் வழியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி மேடையில் ஏறும்போது போட்ட முனகலைக் கேட்டார். மைக்கை எடுத்து, “கேனையெல்லாம் இறக்கி வைப்பா, எனக்கும் தாகமாத்தான் இருக்கு” என்றார். அன்றிலிருந்து அந்தச் சாலையில் அவரிடம் வாலாட்ட நினைத்தவர்கள் பத்து கிலோமீட்டர் சுற்றி வேறு மேடைக்குப் போனார்கள். டீசல் செலவு அவர்களுடையது. பெருமை இவருடையது.

இன்னொரு சம்பவம் நட்சத்திரம் பற்றியது. மேடைக்கும் மெஷினுக்கும் நடுவில் ஓடும் கம்பி பழுதாகிவிட்டால், எடையைக் கையாலேயே தட்டிச் சீட்டு அடித்துக்கொள்ளலாம். ஆனால் மெஷினைச் செய்த புண்ணியவான்கள் மனிதனை நன்றாக அறிந்தவர்கள். கையால் தட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் மெஷின் தானாகவே ஒரு பொடி நட்சத்திரத்தை அச்சடித்துவிடும். அதை அழிக்க வழி கிடையாது. பிறகு பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில், ஏன் கையால் தட்டினாய் என்று எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். ஒருமுறை எலி கம்பியைக் கடித்துவிட, மாலை ஷிப்ட்காரர் முதலாளியிடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டே ஏழு நட்சத்திரங்கள் அடித்தார். தராசு அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. எலியை மன்னித்துவிட்டார், அதற்கு விவரம் தெரியாது என்றார்.

அவருடைய ஷிப்ட் பக்கங்களில் ‘காரணம்’ என்ற கட்டம் பத்தொன்பது வருஷமாக வெள்ளையாகவே இருந்தது. இந்தச் செய்தியைச் சாப்பிட உட்காரும்போதெல்லாம் வீட்டாருக்கு நினைவூட்டுவார். “நட்சத்திரம் வானத்துல இருக்கணும். சீட்டுல இருக்கக் கூடாது” என்று அவர் ஆரம்பித்தால், மிச்சத்தை அவருடைய மனைவியும் மகளும் சேர்ந்தே முடித்துவைப்பார்கள்.

மற்ற வீடுகளில் பள்ளிக்கூடம் முடிகிற நாளில் சினிமாவுக்குப் போவார்கள். ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்கள். சில வீடுகளில் பெற்றோர் நாளை முதல் என்ன ஆகுமோ என்று நினைத்துக் கலங்குவார்கள். தராசின் வீட்டில் எடைபோடுவார்கள்.

அது இப்படித் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முடித்த நாளில் மகள் ரிப்போர்ட் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். எல்லாப் பாடத்துக்கும் நேரே ‘நன்று’ என்று எழுதியிருந்தது. தராசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நன்றுன்னா எத்தனை கிலோ?”

“தெரியலையேப்பா.”

“எடையே போடாம எப்படி நன்றுன்னு எழுதினாங்க?”

நியாயமான கேள்வி. அன்று மத்தியானமே பிள்ளையையும் மனைவியையும் மேடைக்கு அழைத்துப் போனார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். சாப்பாட்டு நேரத்தில் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் கடைசி நாள் மத்தியானம் அதே மேடை, அதே கோட்டு.

இதற்கென்று சட்டதிட்டங்கள் உண்டாயின. தாயும் மகளும் புத்தகப்பையோடு மேடையின் நடுவில் மஞ்சள் வட்டத்துக்குள் நிற்க வேண்டும். தராசு ஏறமாட்டார்; எடைபோடுகிறவன் எடையில் சேரக்கூடாது. அவர் அறையிலிருந்து மைக்கில் கேட்பார்: “வண்டி நம்பர்?” மகள் தன் வகுப்பையும் பிரிவையும் கத்திச் சொல்வாள். “சரக்கு?” அந்த வருஷம் படித்ததில் பெரியது எது என்று அவள் நினைக்கிறாளோ அதைச் சொல்வாள். பிறகு, “கண்ணை மூடு. மூச்சைப் பிடி. வண்டி ஆடக் கூடாது.” மேடைக்கு மேலே எண் ஓடும் பலகையை யாரும் பார்க்கக்கூடாது; சீட்டு கைக்கு வந்துதான் எடை தெரிய வேண்டும். பின்னால் காத்திருக்கும் லாரிகள் எஞ்சினை அணைத்து மரியாதை செய்யும். சீட்டு வெளியே வந்ததும் எல்லாரும் ஒருசேர ஹாரன் அடிப்பார்கள். அந்தச் சாலையில் இதைவிடக் கண்ணியமான பட்டமளிப்பு விழா நடந்ததில்லை.

சீட்டுகள் துணி அலமாரியின் கதவுக்கு உட்புறம் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றாம் வகுப்பு, சரக்கு: கூட்டல், 80 கிலோ. இரண்டு, கழித்தல், 80. மூன்று, மணி பார்ப்பது, 90. நான்கு, வகுத்தல், 90. ஐந்து, பின்னம், 90. மெஷினுக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும். இடையில் வருவதை, பக்கத்தில் இருக்கிற பத்தோடு சேர்த்துவிடும். அதன் நெற்றித் தகட்டில் ‘இருநூறு கிலோவுக்குக் கீழே நம்பக் கூடாது’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. தராசு அதைத் தன் குடும்பத்துக்குப் பொருந்தாத விதி என்று தள்ளிவைத்திருந்தார்.

சீட்டை ஒட்டியதும் மகள் பென்சிலை எடுத்துக்கொள்வாள். இரண்டாம் வகுப்பில் கழித்தல் வந்ததிலிருந்து அவளுக்கு இது ஒரு வேலை. பள்ளிக்கூடத்தில் எடுத்த தன் எடையைக் கழிப்பாள், பையைக் கழிப்பாள், மிச்சம் அம்மா. போன வருஷம் ஐம்பத்து நாலு வந்தது.

“நான் ஐம்பத்தெட்டுடி. நாலு கிலோவை உங்க அப்பா மேடை முழுங்கிடுச்சு” என்றார் அம்மா.

“என் மேடை முழுங்காது. நீ மூச்சைப் பிடிச்சப்போ கூடவே எதையோ விட்டுட்ட” என்றார் தராசு.

மகள் இருவரையும் கவனிக்கவில்லை. அவள் அடுத்த வருஷக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். “நான் நாலு கிலோ ஏறினா போதும். ஆறாம் வகுப்புக்கு நூறு வந்துடும்பா!” கதவில் ஐந்தாவது சீட்டுக்குக் கீழே ஒரு கட்டம் வரைந்து, அதில் 100 என்று பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டாள்.

அவள் சொன்னபடியே நாலு கிலோ ஏறினாள். பிசகு அவள் பக்கம் இல்லை.

அம்மாவுக்கு வயிற்றில் வந்த நோய்க்கு ஒரு நீண்ட பெயர் இருந்தது. மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டைப் படித்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. கணவருக்கு அவர்தான் விளக்கினார். மகளுக்கு ‘வயித்துப்புண்’ என்று சொல்லிவைத்தார்கள். வீட்டில் இருந்த சின்ன எடை மெஷினை, பேட்டரி போய்விட்டது என்று சொல்லி அம்மா கடைக்கு எடுத்துப் போனார். அது திரும்பி வரவில்லை. சட்டைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டைப் பிடித்துத் தைக்க முடியாது, அது கடையுடையது. அது ஆணியில் தொங்குகிற மாதிரியே அவர்மேலும் தொங்கியது.

ஆஸ்பத்திரி ஃபைலில் கடைசியாக எழுதியிருந்தது: முப்பத்தெட்டு.

பள்ளிக்கூடம் முடிகிற நாளுக்கு முந்தின மாலை, மகள் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, சமைக்கிற கணவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

“உப்பு போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“எத்தனை கிராம்?”

“ஏய், கிண்டலா?”

“சரி, கிண்டல் இல்ல. நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?”

தராசு கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பேசாம மேடை ரிப்பேர்னு சொல்லிடட்டுமா?”

“அவ பள்ளிக்கூடமே அந்த ரோட்டுலதான் இருக்கு. லாரி ஏறி இறங்குறது அவளுக்குத் தெரியாதா? வேண்டாம். நான் வந்து நிக்கிறேன். நீங்க ஒரு நட்சத்திரம் போடுங்க.”

“என்னது?”

“நட்சத்திரம். ஒண்ணே ஒண்ணு.”

“என்னால முடியாது.”

“ஏன் முடியாது? இருநூறுக்குக் கீழ அது சொல்றது எடையே இல்லன்னு மெஷின்லயே எழுதியிருக்கு. அப்புறம் அதுல என்ன பெரிய உண்மை?”

“அது லாரிக்கு எழுதினது.”

“நான் லாரியைவிடக் கனமா உங்களுக்கு?”

அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“இங்க பாருங்க. பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னுதான் இருந்தோம். இனி லீவு இருக்கு. நான் பக்கத்துல உட்கார வெச்சு, என் வாயால, கொஞ்சம் கொஞ்சமா சொல்றேன். எனக்கு அது வேணும். அவ கதவுகிட்ட நின்னு பென்சிலை வெச்சுக் கழிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. நான் சொல்றதுக்கு முன்னாடி உங்க மெஷின் சொல்லிடக் கூடாது. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“வேற எது வேணும்னாலும் கேளு” என்றார் தராசு.

“வேற எதுவும் வேண்டாமே.”

வெளியே சைக்கிள் மணி அடித்தது. அம்மா குரலை மாற்றிக்கொண்டு, “உப்பு பத்தலை” என்றார்.

மறுநாள் காலை தராசு மகளைப் பள்ளியில் விடுவதற்காக ஸ்கூட்டரை எடுத்தார். வழக்கம்போல் அவள் பையை வாங்கி முன்னால் வைத்தார். கை அப்படியே நின்றது. ஐந்து கிலோ இருக்க வேண்டிய பை பத்து இருந்தது. பத்தொன்பது வருஷக் கை, தப்பாது.

வாசலில் செடிப்பாத்தியைச் சுற்றிச் செங்கல் வரிசை ஒன்று உண்டு. வெண்டைக்காய்ச் செடிப் பக்கம் அந்த வரிசையில் இரண்டு பல் விழுந்திருந்தது. பெயர்த்த மண் இன்னும் ஈரமாக இருந்தது.

“பை கனமா இருக்கே?” என்றார்.

“வரலாறு புஸ்தகம்பா” என்றாள் மகள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“வரலாறு கனமாத்தான் இருக்கும்.”

தண்ணீர் கேன்களை மைக்கில் இறக்கவைத்த மனிதர், இரண்டு செங்கற்களையும் முன்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பென்சில் எடுக்காமலேயே அவள் எப்போதோ கழித்துப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குப் பள்ளிக்கூட வாசலில்தான் முழுதாக விளங்கியது. இறங்கியவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டபோது ஒரு பக்கம் சாய்ந்தாள். சாயாததுபோல் நடந்து போனாள்.

மத்தியானம் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். வேலையை விட்டு மூன்று மாதமாகியும், இதற்காகவே கடையில் கேட்டு வாங்கிவந்தது. பள்ளி விட்டதும் மகளும் வந்து சேர்ந்தாள். மேடையின் சரிவில் ஏற அம்மாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மூன்று லாரிகள் காத்திருந்தன. சொல்லாமலே எஞ்சின்கள் அணைந்தன. டீக்கடைச் சாட்சிகளில் ஒருவரான பழைய டிரைவர் கீழே இறங்கி, “அக்கா, ஒரு நாற்காலி போடட்டுமா?” என்றார்.

“வேண்டாம்பா. அப்புறம் நாற்காலி எடையைக் கழிக்கச் சொல்வார் உங்க அண்ணன்.”

டிரைவர் சிரிக்க முயன்று, தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தார்.

மஞ்சள் வட்டத்துக்குள் இருவரும் நின்றார்கள். மற்ற வருஷங்களில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்த வருஷம் மகள் அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டிருந்தாள். கை முழுவதும் சுற்றி வந்து மிச்சமும் இருந்தது.

அறைக்குள் தராசு மைக்கை எடுத்தார். தொண்டையைச் செருமியது சாலை முழுவதும் கேட்டது.

“வண்டி நம்பர்?”

“ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு!”

“சரக்கு?”

மகள் யோசித்துவைத்துத்தான் வந்திருந்தாள். “சைபருக்குக் கீழ இருக்கிற எண்கள்!”

“அப்படியெல்லாம்கூட எண் இருக்கா?” என்று அம்மா கேட்டது மைக் இல்லாமலே அறைக்குள் கேட்டது.

“இருக்கும்மா. கடன் மாதிரி. பள்ளம் மாதிரி.”

“கண்ணை மூடு” என்றார் தராசு. “மூச்சைப் பிடி. வண்டி ஆடக் கூடாது.”

இருவரும் கண்ணை மூடினார்கள். மெஷினில் எண்கள் சிதறி ஓடின. 70, 90, 80. பிறகு அசையாமல் நின்றது.

80.

ஒன்றாம் வகுப்பு, கூட்டல், 80. அதே எண். ஐந்து வருஷமாக அந்தப் பிள்ளை சாப்பிட்டது, தூங்கியது, வளர்ந்தது, எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஏற்ற, இன்னொரு பக்கம் ஒரே வருஷத்தில் யாரோ சத்தமில்லாமல் இறக்கிவிட்டிருக்கிறார்கள். செடிப்பாத்தியிலிருந்து வந்த இரண்டு செங்கற்களும் மெஷினுக்குத் தெரியவே இல்லை. எண்பத்து மூன்றையும் அது எண்பது என்றுதான் படிக்கும்.

தராசு பச்சைப் பொத்தானின் மேல் விரலை வைத்தார். அதை அமுக்கினால் உள்ளது உள்ளபடி அச்சாகும். பத்தொன்பது வருஷமாக அந்த விரலால் தேய்த்து, பொத்தானில் எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கன்னம் உப்ப மூச்சைப் பிடித்திருந்தாள். அம்மா கண்ணைத் திறந்துவிட்டார். மேலே பலகையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை நேற்றே கேட்டாகிவிட்டது.

“அப்பா, மூச்சு முட்டுது!” என்றாள் மகள் வாயைத் திறக்காமல்.

தராசு விரலை எடுத்தார். அவர் தொட்டே பழகாத இன்னொரு பொத்தான் ஓரத்தில் இருந்தது. புத்தம்புதிதாக, எழுத்தெல்லாம் தெளிவாக. அதை அமுக்கினார். எடை என்ன என்று மெஷின் அவரைக் கேட்டது. அது அவரைக் கேட்டது அதுவே முதல் தடவை.

ஒன்று. பூஜ்யம். பூஜ்யம்.

பிரிண்டர் கரகரவென்று ஓடியது. லாரிகள் ஹாரன் அடித்தன. மகள் ஓடிவந்து ஜன்னல் வழியே கையை நீட்டினாள். தராசு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் மேலிருந்து கீழே படித்தாள்: வகுப்பு, பிரிவு, சரக்கு, எடை. எடையில் வந்து நின்றாள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பொடி நட்சத்திரத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரமெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் பிரிண்டரில் ஏதோ சரிசெய்துகொண்டிருந்தார். பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் கட்டைவிரலை எண்ணின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, சீட்டைத் தூக்கிக் காட்டினாள். “அம்மா! நூறு!”

“நீதான் சொன்னியே!” என்றார் அம்மா.

இருவரும் மேடையிலிருந்து மெதுவாக இறங்கி ஆட்டோவுக்குப் போனார்கள். போகும் வழியில் மகள் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அடுத்த லாரி எஞ்சினைக் கிளப்பியது.

தராசு அதைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பதிவேட்டை இழுத்தார். தேதி எழுதினார். வண்டி எண் எழுதினார். எடை எழுதினார். ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு தன் உருண்டைக் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்:

‘மெஷின் காட்டிய எடை தவறு.’

கையெழுத்துப் போட்டார்.